விஎம்கோர் திறக்க மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லினக்ஸ் சர்வர் நடுராத்திரியில் பேனிக் ஆகிறது, அதாவது அதன் மையமான கர்னல் மீள முடியாத பிழையில் நின்றுவிடுகிறது. விழுந்த நேரத்து மெமரியை நகலெடுக்கும் கேடம்ப் தன் வேலையைச் செய்துவிட்டு மெஷினை ரீபூட் செய்கிறது. காலையில் வந்து பார்த்தால் க்ராஷ் ஃபோல்டரில் 4 ஜிபிக்கு ஒரு விஎம்கோர் ஃபைல், அதாவது அந்த நகல் (டம்ப்), கிடக்கிறது. ஆசையாகத் திறந்தால், அதைப் படிக்க வேண்டிய க்ராஷ் டூல் ஒரு வரியைத் துப்பிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரே பதிலைப் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். இனி இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கமாண்டுகளையும் எரர் வரிகளையும் காதில் விழுகிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் சீட்டைப் பாருங்கள்

லாரி பார்சலில் மூட்டையோடு ஒரு சீட்டு வரும், எங்கிருந்து வந்தது, எத்தனை உருப்படி, எது எங்கே இருக்கிறது என்று. டம்ப் ஃபைலுக்குள்ளும் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. அதன் பெயர் விஎம்கோர்இன்ஃபோ. கர்னல் தன் மெமரி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தானே எழுதிவைக்கும் வெறும் டெக்ஸ்ட் அது. 2.6.24 கர்னலிலிருந்து இருக்கிறது. டம்ப்பை ஆராயும் க்ராஷ், டம்ப்பை வடிகட்டிச் சுருக்கி எழுதும் மேக்டம்ப்ஃபைல், க்ராஷைப் போலவே ஆராய உதவும், டிராகன் என்று வாசிக்கப்படும் டிஆர்ஜிஎன் ஆகிய மூன்றுமே இந்தச் சீட்டைத்தான் முதலில் தேடும். எனக்கு வரும் பத்துப் புகாரில் எட்டு, சீட்டு இல்லாததாலோ, சீட்டுக்குப் பொருந்தாத விஎம்லினக்ஸை, அதாவது டீபக் தகவலோடு கூடிய கர்னல் ஃபைலைக் கொடுத்ததாலோ, சீட்டைப் படிக்கத் தெரியாத பழைய டூலாலோ வந்தவைதான்.

அதைப் பார்க்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. விஎம்கோர் ஃபைல் மேல் 'ஸ்ட்ரிங்ஸ்' ஓட்டி முதல் இருநூறு வரியை எடுங்கள். டம்ப் சுருக்கப்பட்டிருந்தாலும் சீட்டு மட்டும் சுருங்காமல் ஃபைலின் தொடக்கத்திலேயே இருக்கும். இப்படிச் சில வரிகள் தெரிய வேண்டும்:

ஓஎஸ்ரிலீஸ்=5.14.0-...
பில்ட்-ஐடி=...
பேஜ்சைஸ்=4096
சிம்பல்(எஸ்டெக்ஸ்ட்)=...
சைஸ்(பேஜ்)=64
ஆஃப்செட்(பேஜ்.ஃப்ளாக்ஸ்)=0
கர்னல்ஆஃப்செட்=14000000
க்ராஷ்டைம்=...

இதில் நான்கைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஓஎஸ்ரிலீஸ், பில்ட்-ஐடி, கர்னல்ஆஃப்செட், க்ராஷ்டைம். கடைசியில் இருப்பது 1970 முதல் எண்ணிய விநாடிக் கணக்கு. 'டேட்' கமாண்டில் கொடுத்தால் சாதாரண நேரமாகிவிடும். போன மாதத்து டம்ப்பை இன்றையது என்று நினைத்து அரை நாள் ஆராய்ந்தவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன்.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் சீட்டு தயாராக இருக்கிறதா என்று பார்க்க, சிஸ் ஃபோல்டருக்குள் கர்னல், அதற்குள் விஎம்கோர்இன்ஃபோ என்ற ஃபைலை 'கேட்' செய்யுங்கள். இரண்டு எண் வரும். முதலாவது சீட்டு இருக்கும் பிசிக்கல் முகவரி. இரண்டாவது பெரும்பாலும் 1024. அதைப் பார்த்து "ஒரு கேபிதானா, சீட்டு பாதியில் அறுந்துவிட்டதா" என்று பதற வேண்டாம். அது ஹெக்ஸ், அதாவது பதினாறை அடிப்படையாக வைத்து எழுதிய எண். சாதாரணக் கணக்கில் 4132 பைட், அதாவது 4096 பைட் சீட்டும் மேலே ஒட்டிய தலைப்பும்.

## அறிகுறி: டம்ப்பே விழவில்லை

மெஷின் செத்து எழுந்துவிட்டது, க்ராஷ் ஃபோல்டர் காலி.

முதலில் கேஎக்ஸெக் க்ராஷ் லோடட் ஃபைலைப் பாருங்கள். அது சிஸ் கர்னலுக்குள் இருக்கிறது. 1 என்றால் பேனிக் ஆனதும் எழுந்து டம்ப் எடுக்கும் மாற்று கர்னல் ஏறித் தயாராக இருக்கிறது. 0 என்றால் கீழே வரிசையாகப் போங்கள்.

மாற்று கர்னலுக்கு மெமரியில் இடம் ஒதுக்கப்படவில்லை. 'ப்ராக் சிஎம்டிலைன்' எடுத்து அதில் க்ராஷ்கர்னல் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கிரப் ஃபைலில் எழுதிவிட்டு, கிரப்பைப் புதுப்பிக்க மறந்து, ரீபூட்டும் செய்யாமல் விட்ட கேஸ்தான் அதிகம். சொல் இருந்தும் கேஎக்ஸெக் க்ராஷ் சைஸ் 0 காட்டினால், கேட்ட அளவுக்குத் தொடர்ச்சியான இடம் கிடைக்கவில்லை என்று பொருள். பூட் லாகில் அதற்கான வரி இருக்கும். ரெட்ஹேட்டின் ஆர்ஹெச்இஎல் 9 முதல் 'க்ராஷ்கர்னல்=ஆட்டோ' வேலை செய்யாது. பழைய கிக்ஸ்டார்ட் (தானாக இன்ஸ்டால் செய்யும்) ஃபைலை அப்படியே இழுத்து வந்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

சர்வீஸ் ஓடவில்லை. ரெட்ஹேட் குடும்பத்தில் 'கேடம்ப்சிடிஎல் ஸ்டேட்டஸ்', உபுண்டு, டெபியனில் 'கேடம்ப்-கான்ஃபிக் ஷோ'. செக்யூர் பூட் போட்ட மெஷினில் கையெழுத்து இல்லாத கர்னலை ஏற்றப் பார்த்தால் மறுத்துவிடும். சொந்தமாகக் கட்டிய கர்னல் என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

லோடட் 1 காட்டியும் டம்ப் விழவில்லையென்றால் பிரச்சினை மாற்று கர்னலுக்குள். ஒதுக்கிய மெமரி போதாமல் அது தானே மூச்சுத் திணறிச் சாவது மிகப் பொதுவானது. 256 எம்பியில் தொடங்குங்கள். மல்டிபாத், ஃபைபர் சேனல் கார்டு என்று நிறைய இருந்தால் யோசிக்காமல் 512 கொடுங்கள். அடுத்தது டிஸ்க் நிறைந்திருப்பது. அதற்கும் அடுத்தது, ஸ்டோரேஜ் டிரைவர் கேடம்ப்புக்கான தொடக்க ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் ஏறாமல் போனது. இவை மூன்றும் சீரியல் கன்சோல் இல்லாமல் தெரியவே தெரியாது. சர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐ வழியாகக் கன்சோலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பராமரிப்பு நேரத்தில் மட்டும், கர்னலுக்கு நேரடி உத்தரவு கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ டிரிகருக்கு 'சி' அனுப்பி வேண்டுமென்றே விழவைத்துப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் "கேடம்ப் போட்டாச்சு" என்று டிக்கெட்டை மூடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பேனிக்கே ஆகவில்லை, உறைந்துதான் போனது என்றால் கதை வேறு. பேனிக் ஆனால்தான் டம்ப். 'பேனிக் ஆன் ஊப்ஸ்' 1 ஆக இருக்கட்டும். உறைகிற மெஷினுக்கு 'அன்நோன் என்எம்ஐ பேனிக்' ஆன் செய்துவிட்டு, அடுத்த முறை உறையும்போது ரீசெட் பட்டனுக்குப் போகாமல், ஐபிஎம்ஐடூலில் 'சாசி பவர் டயக்' கொடுங்கள். அது என்எம்ஐ (கர்னல் ஒதுக்கித் தள்ள முடியாத ஹார்டுவேர் சிக்னல்) அனுப்பும், பேனிக் ஆகும், டம்ப் விழும். என்எம்ஐக்கும் அசையவில்லையென்றால் ஹார்டுவேர் ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் கர்னல் பக்கம் நின்று பயனில்லை.

## அறிகுறி: "விஎம்லினக்ஸ் அண்ட் விஎம்கோர் டு நாட் மேட்ச்"

அதிகம் வருவது இதுதான். மனுஷத் தவறும் இதில்தான் அதிகம்.

கையில் இருப்பது விஎம்லினக்ஸ்தானா? பூட் ஃபோல்டரில் இருப்பதன் கடைசி எழுத்து இசட். அது சுருக்கப்பட்ட பூட் இமேஜ், 10, 15 எம்பி இருக்கும். நமக்கு வேண்டியது கடைசி எழுத்து எக்ஸ் ஆன, டீபக் தகவலோடு கூடிய சில நூறு எம்பி ஃபைல். ரெட்ஹேட் குடும்பத்தில் கர்னல்-டீபக்இன்ஃபோ பாக்கேஜ், உபுண்டுவில் டிபிஜிசிம் பாக்கேஜ் போட்டால் 'யூஎஸ்ஆர் லிப் டீபக்' ஃபோல்டருக்குக் கீழே வந்து உட்காரும்.

எந்த வெர்ஷன்? இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். ஒரு இடத்தில் மூன்று நாள் இதிலேயே போயிருந்தது. அவர்கள் செய்தது இதுதான்: மெஷின் விழுந்து எழுந்தபின் 'யூநேம் மைனஸ் ஆர்' அடித்து, வந்த வெர்ஷனுக்கு டீபக்இன்ஃபோ இறக்கினார்கள். பொருந்தவில்லை. மறுபடி இறக்கினார்கள், டூலை மாற்றினார்கள், டம்ப் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டினார்கள். நடந்தது என்னவென்றால், இரண்டு வாரம் முன்பு அப்டேட் போட்டிருக்கிறார்கள், ரீபூட் செய்யவில்லை. விழுந்தது பழைய கர்னல், எழுந்தது புதிய கர்னல். யூநேம் எழுந்ததைச் சொல்லுமே தவிர விழுந்ததைச் சொல்லாது. விழுந்ததைச் சொல்வது சீட்டிலுள்ள ஓஎஸ்ரிலீஸ் வரி. 'க்ராஷ் --ஓஎஸ்ரிலீஸ் விஎம்கோர்' என்று அடித்தாலே போதும், அதற்கு விஎம்லினக்ஸ்கூட வேண்டாம். ஐந்து விநாடி வேலை.

வெர்ஷன் ஒன்றுதான், ஆனாலும் பொருந்தவில்லை. சொந்தமாகக் கர்னல் கட்டுகிறவர்களுக்கு வருவது. ஒரே பெயரில் இரண்டு முறை கட்டியிருப்பீர்கள். கான்ஃபிகில் ஒரே ஒரு வரி மாறினாலும் ஸ்ட்ரக்சர்களுக்குள் ஆஃப்செட் (ஒவ்வொரு உறுப்பும் இருக்கும் தூரம்) நகரலாம். 5.9லிருந்து சீட்டில் பில்ட்-ஐடி வருகிறது. விஎம்லினக்ஸ் மேல் 'ஃபைல்' கமாண்ட் ஓட்டினால் அதன் பில்ட்-ஐடியும் தெரியும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கர்னல் என்றால், விஎம்லினக்ஸில் 'லினக்ஸ் வெர்ஷன்' என்று தொடங்கும் நீண்ட வரியைத் தேடி, அதன் கடைசியிலுள்ள கட்டிய தேதி, நேரத்தை விழுந்த மெஷினின் பழைய பூட் லாகோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் சரியான விஎம்லினக்ஸை யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. திரும்பக் கட்டினால் அதே ஃபைல் வரும் என்று நினைக்காதீர்கள். கம்பைலர் வெர்ஷன் மாறியிருந்தாலே போதும், கதை முடிந்தது.

பொருந்தாத விஎம்லினக்ஸை வைத்தே எப்படியாவது திறக்கலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். திறந்தாலும் காட்டுவது எது உண்மை, எது குப்பை என்று தெரியாது. நான் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூடத் தொடுவதில்லை.

"நோ டீபக்கிங் டேட்டா அவைலபிள்" என்று வந்தால் பில்ட்-ஐடியை அப்புறம் பார்க்கலாம். டீபக் தகவல் இல்லாத ஃபைலைக் கொடுத்திருப்பீர்கள், இல்லையென்றால் டூல் பழையது. ஜிசிசி கம்பைலர் 11 முதல் டீபக் தகவல் ட்வார்ஃப் 5 வடிவில்தான் இயல்பாக வருகிறது. க்ராஷ் 7 வரிசைக்குள் இருந்தது ஜிடிபி டீபக்கர் 7.6, அதற்கு இந்த வடிவம் புரியாது. க்ராஷ் 8, 2021 நவம்பரில், ஜிடிபி 10.2க்கு மாறியது. டூலை மாற்றினால் தீர்ந்தது.

எதுவும் கைகூடாமல், என்ன நடந்தது என்று உடனே தெரிய வேண்டுமா? 'க்ராஷ் --லாக் விஎம்கோர்' அடியுங்கள். மேக்டம்ப்ஃபைலில் 'டம்ப்-டிமெசேஜ்' ஆப்ஷனும் இதையே செய்யும். விஎம்லினக்ஸ் இல்லாமலே, சீட்டிலுள்ள முகவரிகளை வைத்துக் கர்னல் லாகைக் கொட்டிவிடும். பேனிக் வரியும், எந்த ஃபங்ஷன்கள் வழியாக வந்து விழுந்தது என்று காட்டும் பேக்டிரேஸும் அதில் இருக்கும். பாதி கேஸ் இதிலேயே முடிந்துவிடுகிறது.

## அறிகுறி: "கேனாட் ரீட் லினக்ஸ் பேனர்", அல்லது திறந்தும் முகவரியெல்லாம் உளறல்

வெர்ஷனும் பில்ட்-ஐடியும் சரி, ஆனால் டூல் தேடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. கேஏஎஸ்எல்ஆரைச் சந்தேகப்படுங்கள். கர்னல் ஒவ்வொரு பூட்டிலும் வேறு முகவரியில் போய் உட்காரும் ஏற்பாடு அது. எக்ஸ்86இல் 4.12 முதல் இயல்பாகவே ஆன். எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சீட்டின் கர்னல்ஆஃப்செட் வரி சொல்லும். எல்லாம் சரியாக நடந்தால் க்ராஷ் அதைப் படித்து, "கர்னல் ரிலொகேட்டட் 320எம்பி" என்று ஒரு வார்னிங் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கும். அந்த வார்னிங்கைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அது நல்ல செய்தி.

சீட்டு இல்லையென்றால்தான் சிக்கல். கேடம்ப் எடுத்த டம்ப்பில் அநேகமாக இருக்கும். விர்ச்சுவல் மெஷினை (கெஸ்ட்) அது ஓடும் ஹோஸ்டிலிருந்து எடுத்த டம்ப்பில், அதாவது 'வெர்ஷ் டம்ப் --மெமரி-ஒன்லி' வகையில், பல நேரம் இருக்காது. ஏனென்றால் கெஸ்ட்டுக்குள் சீட்டு எங்கே கிடக்கிறது என்று அதை வெளியிலிருந்து ஓட்டும் க்யூஎம்யுவுக்குத் தெரியாது. கெஸ்ட் தானே சொன்னால்தான் உண்டு. க்யூஎம்யு 2.11இல் அதற்கென்று விஎம்கோர்இன்ஃபோ என்ற டிவைஸ் வந்தது. கெஸ்ட் பக்கம் 4.17 அல்லது அதற்குப் பிந்தைய கர்னலும், க்யூஎம்யுவோடு பேசும் எஃப்டபிள்யூ சிஎஃப்ஜி டிரைவரும் வேண்டும். கெஸ்ட்டின் அமைப்பை வைத்திருக்கும் லிப்வெர்ட் எக்ஸ்எம்எல்லில் ஃபீச்சர்ஸ் பகுதிக்குள் விஎம்கோர்இன்ஃபோவை ஆன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அடுத்த டம்ப்பிலிருந்து சரி. இது மெஷின் விழுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. இன்றே எல்லாக் கெஸ்ட்டுக்கும் போட்டுவிடுங்கள், செலவு எதுவும் இல்லை.

ஏற்கெனவே விழுந்துவிட்ட டம்ப்புக்கு என்ன வழி?

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் புதிய க்ராஷில் திறப்பது. க்யூஎம்யு டம்ப்பில் சிபியு ரெஜிஸ்டர்களும் இருக்கும். அதிலிருந்து க்ராஷ் தானே நகர்வைக் கணக்கிடப் பார்க்கும், பெரும்பாலும் வெற்றிபெறும்.

இரண்டாவது, கன்சோல் லாக். கேடம்ப் இல்லாத கெஸ்ட் பேனிக் ஆகும்போது சீரியல் கன்சோலில் கடைசியில் "கர்னல் ஆஃப்செட்:" என்று ஒரு வரி அச்சிடும். ஹோஸ்டில் கன்சோலை ஃபைலில் பதிவுசெய்து வைத்திருந்தால் பொக்கிஷம். அந்த எண்ணை '--கேஏஎஸ்எல்ஆர்=' ஆப்ஷனில் கொடுங்கள்.

மூன்றாவது, கையால் கணக்கு. அந்த பூட்டில் மெஷின் உயிரோடு இருந்தபோது யாராவது கால்சிம்ஸை, அதாவது கர்னல் சிம்பல்களின் முகவரிப் பட்டியலை எடுத்து வைத்திருந்தால் இது நடக்கும். சீட்டு இருந்தும் ஆஃப்செட் மேல் சந்தேகம் என்றாலும் இதே முறைதான். 'என்எம்' கமாண்டில் விஎம்லினக்ஸிலுள்ள எஸ்டெக்ஸ்ட் (கர்னல் கோடின் தொடக்கம்) முகவரியை எடுங்கள். அதன் கடைசி எட்டு இலக்கம் 81000000 என்று வைத்துக்கொள்வோம். கால்சிம்ஸிலோ சீட்டிலோ அதே சிம்பல் 95000000 என்று முடிகிறது. கழித்தால் 14000000. இது ஹெக்ஸ், ஆகவே 320 எம்பி. எண்ணின் முன்னால் பூஜ்ஜியமும் எக்ஸும் போட மறந்தால் சாதாரண எண்ணாகப் படித்துவிடும், ஜாக்கிரதை. விடை 2 எம்பியின் மடங்காக வரவில்லையென்றால் எங்கோ தப்பு, மறுபடி கழியுங்கள்.

ரீபூட் ஆனபின் எடுத்த கால்சிம்ஸ் உதவாது, அதற்குள் வேறு நகர்வு வந்திருக்கும். சோதனை மெஷினில் தினமும் விழவைத்துப் பார்க்கிறவர்கள் 'நோகேஏஎஸ்எல்ஆர்' போட்டு பூட் செய்யலாம். ப்ரொடக்ஷனில் அதைப் போடச் சொல்லி யாராவது டிக்கெட் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏஆர்எம்64இல் இதே வியாதிக்கு வேறு முகம்: "விஏ பிட்ஸ் ஆக்சுவல்" தெரியவில்லை என்று நிற்கும். கர்னல் எத்தனை பிட் முகவரி பயன்படுத்துகிறது என்பது சீட்டில் இல்லை என்று பொருள். '-எம் விஏபிட்ஸ்_ஆக்சுவல்=48' கொடுத்துப் பாருங்கள். 52 பிட் ஹார்டுவேர் என்றால் 52.

## அறிகுறி: "பேஜ் எக்ஸ்க்ளூடட்"

பேக்டிரேஸ் எல்லாம் அழகாக வருகிறது. ஒரு பஃபருக்குள் எட்டிப்பார்த்தால் இந்த வரி. ஃபைல் கெடவில்லை. நீங்களே வேண்டாம் என்று விட்ட பக்கம் அது.

மேக்டம்ப்ஃபைலின் 'மைனஸ் டி' எண் ஒரு கூட்டுத்தொகை. வெறும் பூஜ்ஜியம் நிரம்பிய பக்கங்களை விட 1, சாதாரண கேஷுக்கு 2, பிரைவேட் கேஷுக்கு 4, யூசர் பக்கங்களுக்கு 8, காலியாக இருந்த பக்கங்களுக்கு 16. எல்லாம் சேர்ந்து 31. பெரும்பாலும் 31தான் போட்டிருப்பார்கள், 256 ஜிபி மெஷினின் டம்ப் சில ஜிபிக்குள் அடங்குவது அதனால்தான். ப்ரொடக்ஷனுக்கு நானும் 31தான் சொல்வேன். ஆனால் விடுவிக்கப்பட்ட மெமரியை யாரோ தொடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் 16ஐக் கழித்து 15 வையுங்கள். அப்ளிகேஷன் பக்கமும் பார்க்க வேண்டுமென்றால் 8ஐக் கழித்து 23. விட்டுப்போன பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. எண்ணை மாற்றிவிட்டு அடுத்த விபத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

'--ஜீரோ_எக்ஸ்க்ளூடட்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. விட்ட பக்கங்களையெல்லாம் பூஜ்ஜியமாகக் காட்டி எரரை அடக்கிவிடும். அதைப் போட்டுவிட்டு மறந்து, "பாயின்டர் பூஜ்ஜியமாக இருந்ததால்தான் விழுந்தது" என்று அறிக்கை எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வீண் பயம்: 'சிஸ்' கமாண்டில் டம்ப்ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் "பார்ஷியல் டம்ப்" என்று வருவது. வடிகட்டிய டம்ப் என்பதைத்தான் அது சொல்கிறது. "இன்கம்ப்ளீட்" என்று வந்தால்தான் கவலை. எழுதும்போது டிஸ்க் நிறைந்ததா, நெட்வொர்க் அறுந்ததா என்று பாருங்கள்.

## அறிகுறி: திறக்கிறது, ஆனால் சில கமாண்ட் மட்டும் வேலை செய்யவில்லை

"இன்வேலிட் ஸ்ட்ரக்சர் மெம்பர் ஆஃப்செட்" என்ற வரி, கூடவே ஒரு சி ஃபைல் பெயரும் லைன் எண்ணும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, டூல் கர்னலைவிட வயதானது. கர்னலுக்குள் ஸ்ட்ரக்சர்கள் யாரையும் கேட்காமல் மாறும், டூல்தான் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும். நான் அதிகம் பார்த்தவை:

'லாக்' காலியாக வருகிறதா? 5.10இல் கர்னல் லாக் வைக்கும் முறையே மாறிவிட்டது. சீட்டில் பழைய லாக்-பஃபர் கணக்குக்குப் பதில் 'பிஆர்பி' என்ற சிம்பலும் அதன் ஆஃப்செட்களும் வந்தன. மேக்டம்ப்ஃபைல் 1.6.9க்கு முந்தையது என்றால் அதுவும் இங்கே தடுமாறும்.

'விஎம்' கமாண்ட் விழுகிறதா? 6.1இல் ப்ராசஸின் மெமரிப் பகுதிகளை வைக்கும் இடம் மேப்பிள் ட்ரீக்கு மாறியது. 'மாட்' விழுந்தால் 6.4, மாட்யூல் ஸ்ட்ரக்சர் பிரித்தடுக்கப்பட்ட வெர்ஷன். விமேலாக் விஷயத்தில் குழப்பம் என்றால் 6.9. சீட்டில் பல காலமாக இருந்த 'விமேப் ஏரியா லிஸ்ட்' அப்போது போய்விட்டது.

மருந்து ஒன்றுதான், க்ராஷைச் சோர்ஸிலிருந்து புதிதாகக் கட்டுவது. 'மேக்' அடித்தால் அது ஜிடிபி டார்பாலை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். இணையம் இல்லாத சர்வரில் அங்கேயே நின்றுவிடும். டார்பாலை முன்பே அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பைசனும் ஜிஎம்பி லைப்ரரியும் தேவைப்படும். இன்னொன்று: டம்ப்பை இசட்எஸ்டிடியிலோ எல்இசட்ஓவிலோ சுருக்கியிருந்தால் க்ராஷையும் அந்த ஆதரவோடு கட்ட வேண்டும், 'மேக் இசட்எஸ்டிடி' என்று. இல்லையென்றால் "நோ கம்ப்ரெஷன் சப்போர்ட்" என்று சொல்லும், நீங்கள் டம்ப் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

மாட்யூல் சிம்பல் மட்டும் வரவில்லையா? 'மாட் மைனஸ் எஸ்' பெரிய எழுத்தில் அடியுங்கள். மாட்யூல்களின் டீபக் ஃபைல் அதே வெர்ஷனில் இருந்தால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும். வெளியார் கொடுத்த டிரைவர் என்றால் டீபக் ஃபைலை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி: மேக்டம்ப்ஃபைல் "கர்னல் வெர்ஷன் இஸ் நாட் சப்போர்ட்டட்" என்கிறது

அந்த வரி மட்டும் வந்து டம்ப் முழுதாக எழுதப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள், அது எச்சரிக்கைதான். கூடவே ஏதோ சிம்பல் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டால், மேக்டம்ப்ஃபைலைப் புதுப்பித்து, கேடம்ப் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி கட்டுங்கள். இரண்டாவதை மறந்தால் மாற்று கர்னலுக்குள் பழைய பைனரிதான் ஓடும். அதுவரை அவசரத்துக்கு, கேடம்ப் கான்ஃபிக் ஃபைலின் கலெக்டர் லைனில் மேக்டம்ப்ஃபைலுக்குப் பதில் வெறும் 'சிபி' வைத்து முழு மெமரியையும் காப்பி எடுக்கலாம். மெஷினில் எவ்வளவு ரேம் இருக்கிறதோ அவ்வளவு டிஸ்க் வேண்டும், நேரமும் ஆகும்.

## அறிகுறி: உயிரோடு இருக்கும் மெஷினைப் பார்க்க முடியவில்லை

க்ராஷோ டிஆர்ஜிஎன்னோ டம்ப் இல்லாமல், ஓடும் கர்னலை, அதன் மெமரியைக் காட்டும் கேகோர் ஃபைல் வழியாகப் பார்க்கும். 4.19 முதல் கேகோரிலும் அதே சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது.

ரூட்டாக ஓட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். கால்சிம்ஸில் முகவரியெல்லாம் பூஜ்ஜியமாக வந்தால் 'கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்ட்' 2 ஆக இருக்கும். ரூட்டுக்கும் காட்டாத நிலை அது. 1க்கு இறக்கிவிட்டுப் பார்த்து முடித்ததும் திரும்ப ஏற்றிவிடுங்கள். அதுவும் சரி, கேகோரைத் திறக்கவே விடவில்லை என்றால் கர்னலைப் பூட்டிவைக்கும் ஏற்பாடான லாக்டவுன் 'கான்ஃபிடென்ஷியாலிட்டி' நிலையில் இருக்கிறது. ஓடும்போது அதைத் தளர்த்த முடியாது. செக்யூரிட்டி ஆட்களிடம் பேசுங்கள், சுற்றுவழி தேடாதீர்கள்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

டம்ப் நன்றாகத் திறந்து, மூன்று நான்கு விபத்துகளின் பேக்டிரேஸும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தால், கர்னல் கோடைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். லாகில் மெஷின் செக் வரி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டுங்கள், ஹார்டுவேர் வாரன்டியைக் கூப்பிடுங்கள். ஒரு முகவரியில் ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருப்பதைக் கண்டால் அன்றே கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடம், அதுவும் வெளியார் மாட்யூலுக்குள் என்றால், அந்த மாட்யூல் கொடுத்தவர்களிடம். டிஸ்ட்ரோவின் சொந்தக் கர்னலுக்குள் என்றால், சந்தா இருந்தால் அவர்களிடம். அனுப்பும்போது முதலில் டிமெசேஜ் (கர்னல் லாக்) டெக்ஸ்ட், சீட்டின் முழு நகல், க்ராஷ் மற்றும் மேக்டம்ப்ஃபைல் வெர்ஷன்கள், 'மைனஸ் டி' எண் ஆகியவற்றை மட்டும் அனுப்புங்கள். விஎம்கோரை அவர்கள் கேட்டபின், அவர்கள் சொல்லும் பாதுகாப்பான வழியில் மட்டும். 31 போட்டு யூசர் பக்கங்களை விட்டிருந்தாலும், கர்னலே வைத்திருந்த சாவிகள், நெட்வொர்க் பஃபரில் ஓடிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் தரவு எல்லாம் அதற்குள் அப்படியே இருக்கும். பொது ஷேர் லிங்க்கில் ஏற்றி, லிங்க்கை டிக்கெட்டில் ஒட்டி, ஒரு வருடமாக அழிக்காமல் விட்டிருந்த ஒரு டம்ப்பை இறக்கிப் பார்த்தேன். 'ஸ்ட்ரிங்ஸ்' ஓட்டிய மூன்றாவது நிமிடத்தில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வந்தது.